கடைசி வரியில் விழுந்த பட்டறைச் சத்தம்

பாடகி பவானியின் மூன்று ஆல்பங்களையும் ஒன்றாகச் சேர்த்து மறுபடி வெளியிடப் போகிறார்களாம். கூடவே ஒரு சின்னப் புத்தகமும் வருமாம். "பழைய ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அவங்க இங்க வந்து பாடினதப் பத்தி நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கம்மா" என்று சொல்லி தாரணி எனக்கு ஒரு நோட்டும் நீலப் பேனாவும் கொடுத்தாள். எங்கள் ஊர் கணபதியில் இருக்கிற ஸ்டுடியோவை இப்போது நடத்துகிறவள் அவள்தான்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் தாரணி திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம். ரெண்டு பக்கத்தில் அடங்கவும் இல்லை.

என் வேலை ட்ராக் பாடுவது. இப்போது வருகிற பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. கம்ப்யூட்டரே பாடிக் கொடுத்துவிடுகிறது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டுக்கு மெட்டு முடிவானதும், பாட வேண்டிய பாடகி வருவதற்கு முன்னால், யாராவது ஒருத்தி அதை முழுதாகப் பாடி டேப்பில் வைக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் தபேலாக்காரரும் கீபோர்டுக்காரரும் வாசிப்பார்கள். பாடகியும் அதைக் கேட்டுத்தான் பாட்டைப் படித்துக்கொள்வார். அவர் பாடி முடித்ததும் ட்ராக்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் கோரஸையோ புல்லாங்குழலையோ ஏற்றிவிடுவார்கள். சாமி பாட்டு, கட்சிப் பாட்டு, விளம்பரப் பாட்டு என்று எத்தனை பாடியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றிலும் நான் இல்லை.

பாட்டு எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். நூல் மில்லில். ஸ்பின்னிங்கில் வேலை செய்தபோது மெஷின் இரைச்சலுக்கு மேலே பாடிப் பாடிக் குரல் வந்தது. அத்தனை இரைச்சலுக்குள் எந்த ஸ்பிண்டில் எண்ணெய் இல்லாமல் கத்துகிறது என்று கேட்டுக் கேட்டுக் காது வந்தது. மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் நான் பாடிய கும்மிப் பாட்டைக் கேட்டுவிட்டு மாஸ்டர் ஆள் அனுப்பினார். ஸ்டுடியோ அவருடையது. மெட்டு போடுவதும், யார் எங்கே வாசிக்க வேண்டும் என்று எழுதுவதும் அவரேதான். முதல் நாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குப் பாட்டே வரவில்லை. மாஸ்டர் உள்ளே வந்தார். மைக்கைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துத்தான் பாடினேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் சாக்கு அடித்திருந்தார்கள். அதில் எங்கெங்கே கிழிசல் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மாஸ்டர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. ஒரு ஆள் மோசமாக வாசித்தால், பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "டீ குடிச்சீங்களா?" என்று கேட்பார். குடித்தேன் என்றாலும், "இன்னொருக்கா குடிச்சுட்டு வாங்க" என்பார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறொருத்தர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். இந்த ஊரில் ஒருத்தரை வெளியே அனுப்புவதைக்கூட உபசாரம் மாதிரிதான் செய்வார்கள்.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "நீங்க கஞ்சி மட்டும் காச்சிக் குடுங்கம்மணி. உப்பு அவங்க போட்டுக்குவாங்க." ட்ராக் பாடுகிறவள் தன் குழைவு எதையும் அதில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பாடகிக்கு அது ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வழக்கமும் உண்டு. பாடகிக்கு எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுப்பார்கள். ட்ராக்குக்கு ஒரே டேக். அழிக்கப் போகிறதை எதற்கு ரெண்டு தடவை எடுப்பது?

நானும் ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தேன். மில் சங்கு ஊதக் காத்திருக்கிற பொம்பளைகளைப் பற்றி. மூன்று வருடம் யோசித்து, ஒரு நாள் அவர் தனியாக இருக்கும்போது, "மாஸ்டர், நானே ஒரு பாட்டுக் கட்டியிருக்கேனுங்க" என்றேன்.

"அப்படீங்களா? ரொம்பச் சந்தோசமுங்க" என்றார். பென்சில் காதுக்குப் போயிற்று. "டீ குடிச்சீங்களா?"

குடிக்கப் போனேன். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்டுடியோவைச் சுற்றிலும் பட்டறைகள். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கமே நாச்சிமுத்து அண்ணன் இரும்பு கடைகிற லேத்து மெஷின் ஓட்டினார். அவர் லேத்தைப் போட்டால் எங்கள் தரை அதிரும். அதனால் மாஸ்டர் வெளிச்சுவரில் ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருந்தார். பல்பு எரிந்தால் அண்ணன் மெஷினை நிறுத்திவிட வேண்டும். இதற்கு அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "பாட்டு எங்கியும் போயிராது, பைப்பும் எங்கியும் போயிராது" என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். பாட்டு முடிந்து பல்பு அணைந்ததும், "ஏனுங்க அம்மணி, இன்னிக்கு யாரு, அம்மனா முருகனா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

சண்முகம் அண்ணன் எங்கள் இன்ஜினியர். அவருடைய டேப்பில் எட்டே எட்டு ட்ராக். ஆறில் இசை. ஒன்றில் நான். ஒன்றில் பாடகி. பாடகிக்கு ஒரே ட்ராக் என்பதால், ஒரு டேக் பிடிக்காமல் இன்னொன்று பாடினால், பழையதின் மேலேயே புதுசு ஏறும். பழையது போனது போனதுதான். அதனால் ஒவ்வொரு டேக் முடிந்ததும் அவர் கேட்பார், "வெச்சுக்கலாங்களா, மேல ஏத்தீரலாங்களா?" பதில் சொல்ல வேண்டியவர் மாஸ்டர். மாஸ்டருக்கு வயதாகிக் காது மந்தமானபின், "மயிலம்மணியக் கேளுங்க" என்று சொல்லிவிடுவார். மயிலாத்தாள் என் பெயர். பட்டறைச் சத்தம் ஒரு துளி விழுந்திருந்தாலும் நான் பிடித்துவிடுவேன். என் பாட்டை யாரும் கேட்டதில்லை. என் காதை எல்லோரும் நம்பினார்கள்.

இனி பவானி.

சத்தியமங்கலத்துக் குடும்பம். அவள் அப்பா படித்துவிட்டு அமெரிக்கா போனவர். பிள்ளை அங்கேயே பிறந்தது. ஆற்றின் பெயரை வைத்தார். கல்லூரி முடித்த வயதில் அவளாகவே பாட்டு எழுதி, அவளாகவே மெட்டுப் போட்டு, கிடாரைத் தட்டிக்கொண்டு பாடி, ஒரு கேசட்டில் மாஸ்டருக்கு அனுப்பினாள். தமிழ்ப் பாட்டுதான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். சண்முகம் அண்ணன் அதைத் தமிழில் பெரிசு பெரிசாக எழுதிக் கொடுத்தார். அவள் வந்து சேர்வதற்குள் இசை தயாராக இருக்க வேண்டும் என்பதால் ஒன்பது பாட்டுக்கும் நான் ட்ராக் பாடினேன். அவள் பாட்டை இந்த ஊரில் முதலில் பாடியது நான். இதை யாரும் எங்கேயும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கேசட்டை மாஸ்டர் போட்டுக் கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறது. முதல் பாட்டு முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாருக்குங்க" என்றார். கேசட்டைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அவரிடம் ஏழு வருடம் பாடியிருந்தேன். அந்த ஒரு சொல் எனக்கு வந்ததில்லை. அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த ஒரு டப்பாவுக்குப் போய்விட்டது.

அவள் வந்தாள். நெட்டையாக, செருப்பில்லாமல், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு. பாடும்போது மைக்கைக் கண்ணாடிப் பக்கமே வைக்கச் சொன்னாள், நாலு பேர் முகம் தெரிந்தால்தான் பாட வருமாம். பாடி முடித்ததும், "எனக்கே புடிச்சிருக்குதுங்க" என்று வெட்கமில்லாமல் சொல்வாள். சாப்பிடும்போது ஏதாவது முணுமுணுப்பாள். உடனே கீபோர்டுக்காரர் சோற்றுக் கையோடு அதைக் குறித்துக்கொள்வார். நான் மூன்று வருடம் யோசித்துச் சொன்ன பாட்டுக்கு டீதான் கிடைத்தது.

அவள் தமிழ் வேறு. அவள் அப்பா ஊரை விட்ட அன்றைக்கு என்ன பேசினாரோ அதே தமிழ். நாங்களே மறந்துபோன சொல்லெல்லாம் அவள் வாயில் வரும். "பேசாம, பொட்டாட்ட உக்காருங்கக்கா", "சித்த பொறுங்கக்கா" என்று அவள் சொன்னால் எல்லோருக்கும் மனசு பூரித்துப் போகும். அதையே நான் பேசினால் படிக்காதவள் பேச்சு.

முதல் நாள் ஹெட்போனில் என் ட்ராக்கைக் கேட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மயிலக்கா, என்ர பாட்ட என்னய உட நல்லாப் பாடிப்போட்டீங்க!"

"இல்லீங்க கண்ணு" என்றேன். கையை உருவிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அந்த ட்ராக்கின் மேல் கோரஸ் ஏறிவிட்டது. கோரஸில் நாலு பேரில் ஒருத்தியாக நானும் நின்றேன்.

அந்த ஆல்பம் ஓடியது. ஒரு பத்திரிகையிலிருந்து வந்து ஸ்டுடியோவில் அவளைப் படம் எடுத்தார்கள். நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். "ஏனுங்கம்மா, கொஞ்சம் அக்கட்ட தள்ளிக்குங்க, படத்துல உழுகறீங்க" என்றார் படம் எடுப்பவர். தள்ளிக்கொண்டேன். படம் நன்றாக வந்திருந்தது. ஓரத்தில் சொம்பு மட்டும் தெரிந்தது.

நாலு வருடம் கழித்து இரண்டாவது ஆல்பத்துக்கு வந்தாள். அதற்கு முந்தின பனிக்காலத்தில் அவள் அப்பா தவறியிருந்தார். அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தாள். கொட்டுகிற பனியிலும் அவர் நம்மூர்ப் பழக்கமாகச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாராம். அதுதான் பாட்டு. கடைசி இரண்டு வரி இப்படி வரும்:

பனியத் தள்ளிப் பாத்தேன், அங்கதான் கெடக்குது
எங்க போனீங்க வெறுங்காலோட, அப்பா

இதற்கும் நான்தான் ட்ராக் பாடினேன். உப்புப் போடாமல் பாடினேன். பாடிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. என் அப்பா இதே கணபதியில் மில்லுக்குக் கடைசி வரை வெறுங்காலோடுதான் போய் வந்தார். கோடையில் தார் ரோட்டின் ஓரமாக மண்ணில் குதித்துக் குதித்து நடப்பார். வெறுங்காலோடு நடந்தவர் என் அப்பா. பாட்டுக் கிடைத்தது அவளுக்கு.

அந்தப் பாட்டை எடுத்த அன்று மாஸ்டர் ஒரு துக்க வீட்டுக்கு அன்னூர் போயிருந்தார். "மயிலம்மணி இருக்கறாங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பவானி சொன்னாள். சிவப்பு பல்பைப் போட்டோம். சண்முகம் அண்ணன் பக்கத்தில் நான் ஹெட்போனோடு உட்கார்ந்தேன்.

அவள் பாடினாள். எப்போதும் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பாடுகிறவள் அன்றைக்குத் தரையைப் பார்த்துப் பாடினாள். குரலில் அழுகை இல்லை. குழைவு எதுவும் போடவில்லை. கஞ்சி மட்டும்தான். "வெறுங்காலோட" வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். இசை முடிந்துபோயிற்று. "அப்பா" வரவில்லை. சண்முகம் அண்ணன் விரல் ஸ்டாப் பட்டனுக்குப் போனது. என் கை குறுக்கே போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் யோசித்துச் செய்யவில்லை. அது வேலை தெரிந்த கை.

டேப் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு விட்டாள், சிரிக்கப் போகிறவள் மாதிரி. அப்புறம் சொன்னாள், "அப்பா." உள்ளே ஆள் இருக்கிறாரா என்று வாசலில் நின்று கேட்கிற மாதிரி. அவ்வளவுதான்.

எத்தனையோ பெரிய பாடகிகள் பாடி நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. நான் இன்னும் ஐம்பது வருடம் சுவரைப் பார்த்துப் பாடினாலும் அந்த மாதிரி ஒரு சொல் எனக்கு வராது என்றும் தெரிந்தது.

சண்முகம் அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெச்சுக்கலாங்களா அம்மணி?"

"பட்டறைச் சத்தம் உழுந்திருச்சுங்கண்ணா" என்றேன்.

"எங்கீங்க?"

"கடசி வார்த்தைக்கு அடியில."

அவர் பின்னால் ஓட்டிக் கேட்டார். சத்தத்தை ஏற்றி வைத்து மறுபடி கேட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே."

"கேக்குதுங்க. லேத்துச் சத்தம்."

பவானி மைக்கில் கேட்டாள், "என்னங்க, என்னாச்சு?" அவர் சொன்னார். அவள் ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். அப்புறம், "மயிலக்கா சொன்னாச் செரிதானுங்க. இன்னொருக்கா பாடறேன்" என்றாள்.

அவள் நம்பினாள். சண்முகம் அண்ணனும் நம்பினார். பவானியின் ட்ராக்கில், பதிவாகிறது என்று காட்டுகிற விளக்கு எரிந்தது. டேப் ஓடத் தொடங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். கடைசி வரி வருவதற்கு நாலு நிமிடம் இருந்தது. நாலு நிமிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது டேக்கில் "அப்பா" சரியாக இசையோடு வந்து விழுந்தது. மூன்றாவதில் அழுதுவிட்டாள். அதற்குப்பின் ஒவ்வொரு டேக்கிலும் முதல் தடவை பாடினதைத் தேடித் தேடிப் பாடினாள். தேடினால் கிடைக்கிற பொருளா அது? ஒன்பதாவதை வைத்துக்கொண்டோம்.

நடுவில் சண்முகம் அண்ணன் கோபமாக வெளியே போய் நாச்சிமுத்து அண்ணனைக் கூட்டி வந்தார். "ஏனுங்க, பல்பு எரியறது கண்ணுக்குத் தெரியலீங்களா? ஒரு நல்ல பாட்டு வீணாப் போச்சுங்க."

நாச்சிமுத்து அண்ணன் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "செரிங்க" என்றார். "கை தவறிப் போட்டிருப்பனுங்க. மன்னிச்சுக்குங்க."

சாயங்காலம் பட்டறையைத் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்தேன். லேத்தின் பெல்ட் அறுந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பெல்ட் வாங்க ஆள் போயிருந்தது. மெஷின் அன்றைக்குக் காலையிலிருந்தே ஓடவில்லை. அண்ணன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "பொழுதாச்சுங்க அம்மணி, பாத்துப் போங்க" என்றார். அதற்குப்பின் அவர் இருந்தவரைக்கும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. யாருடைய பாட்டு என்று விசாரிப்பதையும் நிறுத்திவிட்டார்.

மாஸ்டர் அன்னூரிலிருந்து வந்து ஒன்பதாவது டேக்கைக் கேட்டார். "நல்லாருக்குங்க" என்றார். "நம்ம அம்மணி காது இல்லைனா லேத்துச் சத்தத்தோடயே வெளிய உட்டிருப்போம்." எனக்கு அவரிடமிருந்து வந்த பாராட்டு அது ஒன்றுதான்.

பவானிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பாட்டுதான். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், மாவு மில்லில் என்று எங்கே போனாலும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கடைசி "அப்பா" ஒழுங்காக இசையோடு வந்து உட்காரும். பக்கத்தில் நிற்கிற பொம்பளைகள் மூக்கை உறிஞ்சுவார்கள். நான் மனசுக்குள், இதற்கே இப்படி அழுகிறீர்களே என்று நினைத்துக்கொள்வேன். அசல் என்னிடம் இருந்தது. என்னிடம் மட்டும் இருந்தது. அதில் எனக்கு ஒரு திருட்டுச் சந்தோஷமும் இருந்தது, மறைக்கவில்லை.

மூன்றாவது ஆல்பத்துக்கு ட்ராக் தேவைப்படவில்லை. அவளே அங்கிருந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பினாள். என்னைச் சாப்பிட மட்டும் கூப்பிட்டார்கள். அதோடு நானும் ஸ்டுடியோ வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

போன மாதம் பவானி வந்திருந்தாள். தாரணி போன் பண்ணி வரச் சொன்னாள். மாஸ்டர் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். பவானிக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அதையும் சாயம் போடாமல் அழகாகத்தான் வைத்திருந்தாள். பரணிலிருந்து இறக்கிய பழைய டேப்புகள் மேஜை முழுக்கக் கிடந்தன.

"மயிலக்கா, மூணு நாளாத் தேடறேனுங்க" என்றாள். "அப்பா பாட்டுல முதல்ல ஒண்ணு பாடினனே, லேத்துச் சத்தம் உழுந்துச்சுன்னீங்களே, அது எதுலயாச்சும் ஒட்டிட்டு இருக்குமான்னு. சத்தம் இருந்தாலும் பரவால்லீங்க. அத ஒருக்கா கேட்டாப் போதும்."

"இருக்காதுங்க கண்ணு. மேல ஏத்திட்டாங்க."

"தெரியுமுங்க. ஆனா பாருங்க, கொஞ்ச நாளா எனக்கே சந்தேகம். அப்படி ஒண்ணு பாடினனா, இல்லை நானாக் கற்பன பண்ணிட்டு அலையறனான்னு. சண்முகண்ணனும் போய்ட்டாரு. கேட்டவங்கன்னு இருக்கறது நீங்க ஒருத்தருதான். சொல்லுங்கக்கா. நெசமாவே நல்லா இருந்துச்சுங்களா?"

'அப்படியொண்ணும் இல்லீங்க' என்று சொல்லியிருக்கலாம். அவளும் நிம்மதியாகப் போயிருப்பாள். என் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் என் காதை வைத்து அவளிடம் ஒரு பொய்தான் சொல்லியிருந்தேன். இரண்டாவது பொய் வரமாட்டேன் என்றது.

"சத்தம் உழுகலீங்க" என்றேன்.

"என்னங்க?"

"லேத்து ஓடவே இல்லீங்க. பெல்ட் அறுந்து கெடந்துச்சு. நாந்தான் சொன்னேன். பாட்டு அத்தன நல்லா இருந்துச்சு. அதனால சொன்னேன்."

தாரணி கையில் இருந்த டேப்பை மேஜையில் வைத்தாள். பவானி என்னையே பார்த்தாள்.

"ஏன்?" என்றாள். "ங்க" என்கிற மரியாதை அவள் வாயிலிருந்து விழுந்துபோனதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பொறாமைங்க" என்றேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். நாச்சிமுத்து அண்ணன் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அதன் வாசலில் ரொம்ப நேரம் நின்றாள். தாரணி டேப்புகளை அடுக்கத் தொடங்கினாள். நான் போய்விடலாமா என்று பையை எடுத்தேன். அதற்குள் பவானி உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"எவ்வளவு?"

"மூச்சு உட்டது வரைக்குங்க."

"பாடணும்" என்றாள். கேட்டுக்கொள்கிற மாதிரி அவள் அதைச் சொல்லவில்லை.

தாரணி பழைய டேப்பிலிருந்து இசையை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். மைக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். சாக்கு போய் ரப்பர் பஞ்சு வந்திருந்தது. எனக்கு இந்த வயதில் மேல் ஸ்தாயி வராது. ஆனால் அந்தப் பாட்டுக்கு மேல் ஸ்தாயி தேவையில்லை. அவள் எங்கே மூச்சு எடுத்தாளோ அங்கே எடுத்தேன். எங்கே சொல்லை விட்டுவிடுகிற மாதிரி லேசாகப் பிடித்தாளோ அங்கே அப்படியே பிடித்தேன். கேட்டதை அப்படியே திரும்பக் கொடுப்பதுதான் என் தொழில். "வெறுங்காலோட" வந்தது. இசை நின்றது. நானும் நின்றேன். மூச்சு விட்டேன்.

அந்த இடத்தில் எனக்குத் தார் ரோட்டு ஓரத்தில் குதித்துக் குதித்துப் போகிற இரண்டு கால் தெரிந்தது. "அப்பா" என்றேன்.

ஹெட்போனில் தாரணி குரல் கேட்டது. "மேடம், வெச்சுக்கலாங்களா?"

"இதுதான்" என்றாள் பவானி. அழுதுகொண்டிருந்தாள். "இப்படித்தான் பாடினேன். கற்பன இல்லை. வெச்சுக்கங்க தாரணி."

நான் சுவரைப் பார்த்தபடியே நின்றேன். அது அவள் பாடினது இல்லை. கடைசி வார்த்தைக்கு முன் வரைக்கும் அவளுடையது. கடைசி வார்த்தை என்னுடையது. அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். நான் ரோட்டில் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அதுவே அவளுடையது என்று நின்றிருக்கும்.

"இல்லீங்க" என்றேன். "கடசி வார்த்த அது இல்லீங்க. இன்னொருக்கா பாடறேன்."

சரியாகத்தான் சொன்னேன். ஆனால் எனக்கு வாழ்நாளில் இரண்டாவது டேக் யாரும் கொடுத்ததில்லை, அந்த ஆசையும் அதில் இருந்தது.

இரண்டாவது தடவை "அப்பா" அவளுடையதாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். பவானி மேஜையில் தலையைக் கவிழ்த்திருந்தாள். நிமிர்ந்து, "ஆமாங்க" என்றாள். அந்த "ங்க" திரும்பி வந்தது.

கிளம்பும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "தாரணி புஸ்தகத்துக்கு எழுதச் சொன்னாளாமே?"

"நல்லதா ரெண்டு பக்கமுன்னு சொன்னாங்க."

"நல்லதா வேண்டாங்க. நடந்தத எழுதுங்க."

எழுதிவிட்டேன். நாச்சிமுத்து அண்ணனுடைய லேத்து அன்றைக்கு ஓடவில்லை என்பதையும் அச்சில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது டேக்கை பவானி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதைக் கேட்டுக் கேட்டு அவள் மறுபடி பாடப் போகிறாளாம். பாடினால் என்னை விட நன்றாகத்தான் பாடுவாள், அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. நான் பாடின முதல் டேக்கை அழித்துவிட்டீர்களா என்று தாரணியைக் கேட்டேன். கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதாம், இரண்டும் தனித்தனியாக இருக்குமாம். "இதுக்கு ஒரு பேர் குடுக்கணுங்கம்மா, இல்லைனா தேடினாக் கெடைக்காது. பாட்டுப் பேர் போடட்டுங்களா, பவானி மேடம் பேர் போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

மயிலாத்தாள் என்று போடச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவள் அடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.